லில்லி மலர் தரித்த நெசவாளர் குடும்பம்

ஆக்ஸ்பர்க் ஃபுக்கர்களின் வரலாறும் இலச்சினையும்

ஜெர்மனி தேசத்தின் தென்பகுதியாகிய பவேரியாவில் ஆக்ஸ்பர்க் என்னும் புராதன நகரம் ஒன்று உண்டு. அந்நகரின் ஒரு புறத்தில் மதில் சூழ்ந்த சிறு குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் வாயில்களுக்கு மேல் கல்லில் செதுக்கிய கேடயம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கேடயத்தில் இரண்டு லில்லி மலர்கள். சக்கரவர்த்திகளும் மேற்றிராணிமாரும் கடன் கேட்டு நின்ற ஃபுக்கர் குடும்பத்தின் இலச்சினை அது. ஐரோப்பியப் பிரபுக்களின் கேடயச் சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு வாளோ, ஒரு போர்க்களமோ இருக்கும். இந்த லில்லிக்குப் பின்னால் இருப்பது துணி. நெய்து பிழைத்த ஒருவரின் பேரப்பிள்ளைகள், துணி கொடுத்துப் பெற்ற விருது இது. ஆகவே தறியோடும் நிலத்தோடும் வாழும் நம் அங்கத்தினர்கள் இக்குடும்பத்தின் கதையை அறிந்துகொள்வது பொருத்தமுடையது என்று கருதி இங்கே எழுதலானோம்.

வரிப்புத்தகத்தில் இரண்டு சொற்கள்

ஆக்ஸ்பர்க்குக்குத் தெற்கே, லெக் நதியின் சமவெளியில் கிராபென் என்றொரு கிராமம். அங்கிருந்து ஹான்ஸ் ஃபுக்கர் என்னும் நெசவாளர் 1367-ஆம் ஆண்டில் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் நகர வரிப்புத்தகத்தில் அவரைப் பற்றி இலத்தீன் கலந்த இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. "ஃபுக்கர் வந்தார்" என்பது அதன் பொருள். பின்னாளில் இக்குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். ஆயினும் அவை அனைத்துக்கும் தலைவாசல் அந்த வரி எழுத்தரின் இரண்டு சொற்களே.

வந்த காலம் நல்ல காலம். அதுவரை ஆக்ஸ்பர்க் நகர சபை முழுவதும் சில பழங்குடும்பங்களின் கையில் இருந்தது. பாட்ரீஷியன் எனப்பட்ட அப்பெருங்குடியினர் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தமக்குள்ளேயே பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டு வந்தனர். 1368-ஆம் ஆண்டில் கைத்தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி நகர மன்றத்தின் முன் திரண்டு, ஆட்சியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். அன்று முதல் கில்டு எனப்படும் தொழிற்சங்கங்கள் நகர சபையில் அமர்ந்தன. அவற்றுள் நெசவாளர் கில்டு வலிமை மிக்க ஒன்று.

ஹான்ஸ் இதன் பயனை முழுமையாகப் பெற்றார். முதல் மனைவி இறந்தபின், கில்டின் தலைவர் ஒருவருடைய மகள் எலிசபெத்தை மணந்தார். கில்டை நடத்திய பன்னிருவர் குழுவிலும் இடம் பெற்றார். 1408-ஆம் ஆண்டை ஒட்டி அவர் காலமானார். அதற்குப்பின் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் எலிசபெத் அம்மையாரே தொழிலைக் கட்டிக் காத்தார். ஃபுக்கர்களின் வரலாற்றை எழுதுவோர் ஆண்களின் பெயர்களையே அடுக்குவது வழக்கம். இரண்டு தலைமுறைகளில் வீட்டுத் தலைவர் இறந்து, பிள்ளைகள் தலையெடுக்கும்வரை கணக்குப் புத்தகத்தை மூடாமல் காத்தவர்கள் விதவைகளாகிய எலிசபெத்தும், அவர் மருமகள் பார்பராவும் ஆவர். இவ்விருவர் இல்லையேல் லில்லியும் இல்லை என்று துணிந்து கூறலாம்.

பஞ்சு யார் கையில்?

தறியில் அமர்ந்து நெய்வதால் மட்டும் ஒருவர் செல்வந்தராகிவிட முடியாது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹான்ஸின் வீட்டார் உயர்ந்த வழியை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் அங்கே நெய்த துணியைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

அதன் பெயர் பார்கென்ட். பாவு ஆளிச்செடியின் நாரில் நூற்ற லினன் நூல். ஊடை பருத்தி நூல். லினனின் உறுதியும் பருத்தியின் மென்மையும் ஒருங்கே அமைந்தமையால் குளிர்நாட்டில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆளிச்செடி சுற்றுவட்டாரக் கழனிகளிலேயே விளைந்தது. குடியானவர் வீட்டுப் பெண்கள் அதன் நாரை நூற்றார்கள். ஆகவே பாவுக்குப் பஞ்சமில்லை. பருத்தியின் கதை வேறு. சிரியா, எகிப்து, சைப்ரஸ் முதலிய இடங்களில் விளைந்து, கப்பலில் வெனிஸ் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பொதிமாடாகவும் வண்டியாகவும் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கடந்து வர வேண்டும். வெனிஸில் ரொக்கம் கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில் முதலை முடக்கி வைக்க ஏழை நெசவாளரால் எப்படி இயலும்? இயன்றவர் பஞ்சை வரவழைத்து மற்றவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார். துணியாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். பஞ்சின் விலையையும் அவரே சொன்னார், துணியின் விலையையும் அவரே சொன்னார்.

ஹான்ஸும் அவர் மக்களும் அவ்வாறு இயன்றவர்களாயினர். கில்டின் பதிவேட்டில் நெசவாளர் என்று இருந்துகொண்டே, நடைமுறையில் நெசவாளர்களுக்குப் பஞ்சு கொடுக்கும் வணிகராக மாறினர். ஃபுக்கர் செல்வத்தின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது. வெள்ளிச் சுரங்கமும் செம்புச் சுரங்கமும் பின்னால் வந்தவை.

துணிக்குச் சின்னம் இடும் வழக்கமும் இங்கே கவனிக்கத்தக்கது. தென்ஜெர்மனியின் பார்கென்ட் நகரங்களில் நெய்து முடித்த துணி ஒவ்வொன்றும் பரிசோதனைச் சாவடிக்கு வர வேண்டும். பரிசோதகர்கள் அகலம், நெருக்கம், வெளுப்பு ஆகியவற்றைப் பார்த்து முத்திரை இடுவார்கள். உல்ம் நகரில் முதல்தரத்துக்கு எருது, அதற்கு அடுத்து சிங்கம், பிறகு திராட்சைக் குலை, கடைசியில் கடிதம். எருது முத்திரை பெற்ற துணியைத் தூர தேசத்து வியாபாரி விரித்துப் பார்க்காமலே வாங்குவான். எருதும் சிங்கமும் பிரபுக்களின் கேடயத்தில் மட்டும் இருந்த காலம் என்று நாம் எண்ணுகிறோம். நெசவாளரின் துணி மூலையிலும் அவை இருந்தன. கேடயத்திலிருந்த சிங்கத்தைவிட இந்தச் சிங்கம் நேர்மையானது என்பது எம் கருத்து; ஏனெனில் நெருக்கம் குறைந்தால் இது கிடைக்காது.

ஃபுக்கர் வியாபாரத்துக்கும் சொந்தமாக ஒரு குறி இருந்தது. மூன்று முனைகொண்ட சூலமும் ஒரு வளையமும் சேர்ந்த எளிய கோட்டுருவம் அது. சரக்கின் மேல் இடும் இக்குறியை மறந்துவிட வேண்டாம். பின்னால் ஓர் எதிர்பாராத இடத்தில் இது மீண்டும் வரும்.

மானும் லில்லியும்

ஹான்ஸின் புதல்வர்கள் இருவர்: ஆண்ட்ரியாஸ், மூத்த யாக்கோபு. 1455-ஆம் ஆண்டை ஒட்டி இருவரும் சொத்தைப் பிரித்துக்கொண்டனர். ஆண்ட்ரியாஸின் மக்கள் முந்திக்கொண்டு 1462-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடெரிக்கிடமிருந்து கேடயச் சின்னம் பெற்றார்கள். நீல நிறப் பின்னணியில் பாயும் பொன்மான். அதனால் அக்கிளைக்கு "மான் ஃபுக்கர்" என்று பெயர் நிலைத்தது.

கேடயச் சின்னம் என்பது ஆதியில் இரும்புக் கவசத்தால் முகம் மறைந்த போர்வீரனை அடையாளம் காண எழுந்த ஏற்பாடு. காலப்போக்கில் நகரத்து வணிகர்களும் அதை விரும்பினார்கள். சக்கரவர்த்தி சாசனம் எழுதிக் கொடுப்பார். அதனாலேயே ஒருவர் பிரபு ஆகிவிடுவதில்லை. மதிப்புக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. பொன், வெள்ளி என்னும் இரண்டு உலோகங்களும் சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலிய சில நிறங்களுமே அதில் பயன்படும். உலோகத்தின் மேல் உலோகமும், நிறத்தின் மேல் நிறமும் இடலாகாது என்பது விதி. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதன் காரணம். கரையும் உடலும் ஒரே சாயலில் நெய்தால் எடுப்பாக இராது என்பதை அறிந்தவர்களுக்கு இவ்விதி எளிதில் புரியும்.

மூத்த யாக்கோபின் கிளைக்கு லில்லி வந்த வரலாறு சுவையானது. 1473-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி பிரெடெரிக், பர்கண்டியின் கோமகன் சார்லஸைச் சந்திக்க ட்ரியர் நகருக்குப் புறப்பட்டார். தம் புதல்வர் மாக்ஸிமிலியனுக்குச் சார்லஸின் மகளைப் பெண் கேட்கும் நோக்கமும் அதில் இருந்தது. பர்கண்டி அரண்மனை ஐரோப்பாவிலேயே ஆடம்பரம் மிக்கது. சக்கரவர்த்தியின் பெட்டகமோ காலி. பரிவாரத்துக்கு நல்ல உடை இல்லாமல் சம்பந்தம் பேசப் போவது எப்படி? ஆக்ஸ்பர்க்கில் மூத்த யாக்கோபின் மகன் உல்ரிக் ஃபுக்கர் பட்டும் கம்பளித் துணியும் கொடுத்து உதவினார். கைம்மாறாக உல்ரிக்கும் அவர் சகோதரர்களும் லில்லிக் கேடயத்தைப் பெற்றார்கள்.

கேடயம் நெடுக்காக இரு பாதியாகப் பிரிந்தது. பார்ப்பவரின் இடப்புறம் பொன், வலப்புறம் நீலம். பொன் பாதியில் நீல லில்லி, நீலப் பாதியில் பொன் லில்லி. நிறங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்கும் இவ்வமைப்பு, முன்பக்கமும் பின்பக்கமும் நிறம் மாறித் தோன்றும் இரட்டைத் துணியைப் போன்றது. வரைந்தவர் நெசவை நினைத்து வரைந்தார் என்று நாம் கூறவில்லை. ஆயினும் நெசவாளர் கண்ணுக்கு அது அப்படித்தான் படுகிறது.

மான் கிளை நெடுநாள் ஓடவில்லை. அதன் தலைவர் லூக்கஸ் ஃபுக்கர், லூவென் நகரத்தின் பிணையை நம்பி மாக்ஸிமிலியனுக்குப் பெருங்கடன் கொடுத்தார். நகரம் தர மறுத்துவிட்டது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவருடைய வியாபாரம் முறிந்தது. பின்னர் மான் கேடயத்துக்கு உரியவர்களில் சிலர் லில்லி கேடயத்துக்கு உரிய உறவினரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும்படி ஆயிற்று.

செம்புக் கட்டியில் சூலம்

லில்லி கிளையில் உல்ரிக்கின் கடைசித் தம்பி யாக்கோபு. 1459-இல் பிறந்து 1525-இல் மறைந்த இவரையே "செல்வந்தர் யாக்கோபு" என்று வரலாறு அழைக்கிறது. டிரோல் நாட்டு வெள்ளிச் சுரங்கங்களின் வருமானத்தை அடமானமாகப் பெற்று அதன் அதிபருக்குக் கடன் கொடுத்ததும், ஹங்கேரி நாட்டுச் செம்பைத் தம் பிடிக்குள் கொண்டு வந்ததும் இவரே. 1511-இல் ஏறக்குறைய 2 இலட்சம் குல்டன் பொன்னாக இருந்த நிகர முதல், அவர் மறைவுக்குப்பின் 1527-இல் கணக்கெடுத்தபோது 20 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1519-இல் ஐந்தாம் சார்லஸைச் சக்கரவர்த்தியாகத் தேர்ந்தெடுப்பதற்கு வாக்காளரான ஏழு பேருக்கு ஏறக்குறைய எட்டரை இலட்சம் குல்டன் செலவாயிற்று. அதில் 5,43,000-க்கு மேற்பட்ட தொகை ஃபுக்கர் வீட்டிலிருந்து போனது. சில ஆண்டுகள் கழித்தும் கடன் திரும்பாதபோது, தம் உதவியின்றி முடி கிடைத்திராது என்று சக்கரவர்த்திக்கே நினைவூட்டிக் கடிதம் எழுதினார் யாக்கோபு.

இந்தியாவோடு இக்குடும்பத்துக்கு ஏற்பட்ட தொடர்பும் இக்காலத்ததே. 1505-இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்மேய்தாவின் கப்பற்படை மலபார் நோக்கிப் புறப்பட்டபோது, ஜெர்மன் வணிகர்கள் 36,000 குருசாடோ நாணயம் முதலிட்டனர். அதில் ஃபுக்கர் பங்கு 4,000. மிளகுக்கு விலையாக மலபாரில் பெரிதும் விரும்பப்பட்ட பொருள்களில் செம்பும் ஒன்று. ஹங்கேரிச் செம்பு ஆன்ட்வெர்ப் வழியாக லிஸ்பனுக்குச் சென்று கப்பலேறியது.

2008-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் நமீபியா நாட்டில், வைரம் தேடித் தோண்டியவர்கள் மணலுக்குள் ஒரு பழங்கப்பலைக் கண்டனர். 1533-இல் லிஸ்பனை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமற்போன "போம் ஜேசுஸ்" கப்பலாக அது இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. யானைத் தந்தங்கள், பொற்காசுகள் ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கான செம்புக் கட்டிகள் அடுக்கி இருந்தன. கட்டிகளின் மேல் ஃபுக்கர்களின் சூலக் குறி! இந்தியா சேராத அச்செம்பு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் மணலில் கிடந்தும், யாருடைய சரக்கு என்று தன் வாயாலேயே சொல்லிற்று. அங்கே லில்லி இல்லை. கேடயத்தை மாளிகை வாயிலிலும் கல்லறையிலும் வைத்தனர். சரக்கில் வைத்தது பழைய வியாபாரக் குறியையே.

மூன்று கொம்புகள்

1507-இல் மாக்ஸிமிலியன் தம் பணமுடையின் காரணமாகக் கிர்ச்பெர்க், வைஸென்ஹார்ன் ஆகிய ஆட்சிப் பகுதிகளை யாக்கோபுக்கு விற்றார். 1511-இல் யாக்கோபு பிரபு ஆனார். 1514-இல் கவுண்ட் பட்டம் வந்தது. 1530-இல் ஐந்தாம் சார்லஸ் அவருடைய சகோதரர் புதல்வர்களுக்கு அப்பட்டத்தைப் பரம்பரை உரிமையாக உறுதி செய்தார். கேடயமும் நான்கு கட்டங்களாக வளர்ந்தது. இரண்டு கட்டங்களில் லில்லிகள். ஒன்றில் கிர்ச்பெர்க்கின் சின்னமாகிய முடி சூடிய கறுப்புப் பெண்மணி, கையில் மேற்றிராணியாரின் தலையணியுடன். மற்றொன்றில் சிவப்புப் பின்னணியில் வைஸென்ஹார்னின் மூன்று வெள்ளிக் கொம்புகள்.

கொம்புகள் அழகானவை. அவற்றின் பின்னணியையும் நெசவாளர் அறிய வேண்டும். உல்ம் நகரத்து நெசவுக்குப் போட்டியாக வைஸென்ஹார்னில் ஃபுக்கர்கள் பார்கென்ட் நெசவை வளர்த்தனர். அங்கே நிலமும் அவர்களுடையது, பஞ்சும் அவர்களுடையது, துணியை வாங்குவோரும் அவர்களே. உல்ம் நகரத்தார் தங்கள் வட்டார நெசவாளர்கள் அங்கே துணி விற்கலாகாது என்று தடுத்துப் பார்த்தனர். இருபுறத்து இழுபறியில் கிராமத்து நெசவாளர் நடுவில் நின்றார்.

நகரத்துக்குள்ளும் நிலைமை இனிமையாக இல்லை. ஆக்ஸ்பர்க் வரிப்புத்தகங்களில் "ஏதும் இல்லாதவர்" என்றே ஒரு பிரிவு உண்டு. நெசவாளர் பலர் அதில் அடங்கினர். 1524-இல் ஏழைகளின் சார்பாகப் பேசிய ஒரு துறவியை நகர சபை வெளியேற்றியபோது, பெருங்கூட்டம் மன்றத்தின் முன் திரண்டது. கூட்டம் கலைந்தபின், வயது முதிர்ந்த நெசவாளர் இருவரைச் சபை சிரச்சேதம் செய்தது. ஆணையிட்டது சபையே, யாக்கோபு அன்று. அடுத்த ஆண்டு குடியானவர் கிளர்ச்சி மூண்டது. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், காடும் நீரும் ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்று கேட்டு எழுந்த உழவர்கள் வைஸென்ஹார்ன் கோட்டைக் கதவு வரை வந்தும் உள்ளே புக முடியவில்லை. அவர்களை முறியடித்த ஸ்வாபியக் கூட்டணிப் படைக்கு ஃபுக்கர் பணம் உதவியது. இதில் யாக்கோபுக்கு ஐயப்பாடு ஏதும் இருந்ததில்லை.

சக்கரவர்த்தியின் கவுண்ட் ஆகிவிட்ட போதிலும், சொந்த ஊரின் பாட்ரீஷியன் பட்டியலில் யாக்கோபு கடைசிவரை இல்லை. பழைய குடும்பங்கள் வாரிசின்றி அருகிப் போனமையால், 1538-இல் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய குடும்பங்களைச் சேர்த்தபோதுதான் ஃபுக்கர்களும் பெருங்குடியினர் ஆயினர். வரிப்புத்தகத்தின் இரண்டு சொற்களுக்கும் இதற்கும் இடையே 171 ஆண்டுகள்.

அதன்பின் பத்தே ஆண்டுகள். சக்கரவர்த்திக்கு எதிரான சமயப் போரில் ஆக்ஸ்பர்க் தோற்ற பக்கம் நின்றது. நகரத்துக்காக மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் பேச முன்னின்றவர், யாக்கோபின் வாரிசாகிய அந்தோன் ஃபுக்கர். நகரம் அழிவிலிருந்து தப்பியது. கில்டுகள் தப்பவில்லை. 1548-இல் ஐந்தாம் சார்லஸ் ஆக்ஸ்பர்க்குக்கு வந்து, 1368 முதல் நிலவிய கில்டு ஆட்சியைக் கலைத்து, பாட்ரீஷியன்களிடம் சபையை ஒப்படைத்தார். கில்டுகளின் சொத்தும் பறிபோயிற்று. ஹான்ஸை ஆளாக்கிய கில்டு, அவர் வீட்டுப் பணத்தால் முடி பெற்ற சக்கரவர்த்தியின் ஒரே ஆணையில் அதிகாரம் இழந்தது. நெசவாளர்கள் 1457-இல் சித்திரம் தீட்டி அழகு செய்த கூட்ட அறையின் பலகைகள் இன்று மியூனிக் நகரில் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சக்கரவர்த்திகளை நம்பிய பணம் சக்கரவர்த்திகளாலேயே கரைந்தது. 1557-இல் ஸ்பெயின் அரசு கடனை நிறுத்தியது முதல் இறங்குமுகம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் வியாபாரம் ஒடுங்கிற்று. வாங்கிப் போட்ட நிலமும் காடும் குடும்பத்தைக் காத்தன. ஆக்ஸ்பர்க் நகரமும் ஃபுக்கர் ஆட்சிப் பகுதிகளும் 1806-இல் பவேரியாவுடன் சேர்ந்தன.

தொடக்கத்தில் குறிப்பிட்ட மதில் சூழ்ந்த குடியிருப்புக்குத் திரும்புவோம். அதன் பெயர் ஃபுக்கரை. யாக்கோபு 1521-இல் தம் பெயராலும் மறைந்த தமையன்மார் பெயராலும் எழுதிவைத்த அறக்கட்டளை அது. பிச்சைக்காரருக்காக அன்றி, உழைத்தும் வறுமையில் வீழ்ந்த கைத்தொழிலாளருக்கும் கூலியாட்களுக்கும் ஏற்பட்டது. ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நாள்தோறும் மூன்று செபங்கள் நிறுவியவர் குடும்பத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆண்டு வாடகை ஒரு ரைன் குல்டன். 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்து, மறுபடி கட்டப்பட்டது. இன்றும் ஏறக்குறைய 150 பேர் அங்கே வாழ்கின்றனர். வாடகை ஒரு குல்டனுக்குச் சமமாகக் கணக்கிட்ட 88 சென்ட், ஓர் ஆண்டுக்கு! செலவின் பெரும்பகுதியை ஏற்பது அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளின் மரம்.

வாயில்களில் லில்லிக் கேடயம். உள்ளே வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் திரும்பி வருபவர் தம் வீட்டை எப்படி அறிவது? ஒவ்வொரு கதவின் அருகிலும் மணி அடிக்கும் இரும்புப் பிடி வெவ்வேறு வடிவம் உடையது. ஒரு வீட்டில் மூவிலைத் தழை, ஒரு வீட்டில் தேவதாருக் காய். கையால் தடவிப் பார்த்து, இது நம் வீடு என்று கதவைத் திறப்பார்கள்.